காரில் எரிபொருள் குழாய் கசிந்தால் என்ன செலவாகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேங்கிலிருந்து எஞ்சின் வரை ஒரே குழாய் நீளமாக ஓடுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பல துண்டுகள் சேர்ந்த வழி. டேங்குக்குள் இருக்கும் மின்பம்பிலிருந்து புறப்படும் குழாய், இடையில் வரும் ஃபில்டர், காரின் அடித்தட்டை ஒட்டி ஓடும் நீண்ட உலோக அல்லது நைலான் குழாய், எஞ்சினுக்கு அருகில் அசைவைத் தாங்குவதற்காகப் பொருத்தப்படும் வளையும் ஹோஸ், இன்ஜெக்டர்களுக்கு எரிபொருளைப் பகிர்ந்தளிக்கும் ரெயில் ஆகியவை அதில் அடங்கும். பல கார்களில் மிஞ்சிய எரிபொருளை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் குழாயும், பெட்ரோல் கார்களில் டேங்கின் ஆவியை, அதை உறிஞ்சிப் பிடித்துவைக்கும் கரி டப்பாவுக்குக் கொண்டுசெல்லும் குழாயும் இதனோடு சேர்ந்தே ஓடும். இவற்றில் எது கசிகிறது என்பதைப் பொறுத்தே செலவு அமையும்.

செலவு இவ்வளவு என்று ஒரே தொகையாகச் சொல்ல முடியாதா?

காரைப் பார்க்காமல் ஒரே தொகையைச் சொல்பவர் ஊகமாகத்தான் சொல்கிறார். கசிவைக் கண்டுபிடிக்கும் வேலை, மாற்றப்படும் பொருள், கழற்றிப் பூட்டும் கூலி என்ற மூன்றும் சேர்ந்ததே பில். இவற்றில் பெரும்பாலும் கூலிதான் அதிகமாக இருக்கும். ஓட்டை விழுந்த துண்டு மலிவானது. அதை எட்டுவதற்கு எதையெல்லாம் கழற்ற வேண்டியிருக்கிறது என்பதுதான் பில்லைப் பெரிதாக்குகிறது.

ஆகவே, பணத்தைவிட வேலை நேரத்தை வைத்து மதிப்பிடுவது தெளிவாக இருக்கும். எஞ்சின் அறையில், பானெட்டைத் திறந்தவுடன் கைக்கு எட்டும் ஒரு சிறு ரப்பர் ஹோஸையும் கிளாம்பையும் மாற்றுவது பொதுவாக அரை மணியிலிருந்து ஒரு மணி நேர வேலை. அடித்தட்டில் ஓடும் குழாயின் ஒரு பகுதியை மட்டும் வெட்டி மாற்றுவதற்குக் காரை லிஃப்ட்டில் ஏற்ற வேண்டும் என்பதால் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகலாம். டேங்கிலிருந்து எஞ்சின் வரை முழுக் குழாயையும் மாற்றுவது மூன்று முதல் ஐந்து மணி நேரம் வரையிலும், துருப்பிடித்த பழைய காரில் அதற்கு மேலும் நீளும். உங்கள் பணிமனையின் மணிக்கூலியை இதனோடு பெருக்கிப் பொருளின் விலையைக் கூட்டினால், சொல்லப்படும் தொகை நியாயமானதா என்பதை ஓரளவு கணித்துவிடலாம். மணிக்கணக்கு இல்லாமல் வேலைக்கணக்கில் கூலி வாங்கும் இடங்களிலும் ஏறத்தாழ இதே விகிதம்தான் பொருந்தும்.

கசிவு சிறியதுதான். பணிமனை வரை ஓட்டிச் செல்லலாமா?

பெட்ரோல் கார் என்றால் கூடாது. பெட்ரோலின் தீப்பற்று நிலை ஏறக்குறைய −40 டிகிரி செல்சியஸ். அதாவது, எந்த ஊரின் எந்தப் பருவத்திலும் அது தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் மேலே எழுந்து கலைந்து போகாமல் தரையை ஒட்டிப் பரவும். மூடிய கார் நிறுத்துமிடத்தில் தேங்கி நிற்கும். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், மின்விசிறி மோட்டார் என்று பொறி எழக்கூடிய இடங்கள் பல உண்டு. புகைபோக்கியின் மேற்பரப்பும் பல நூறு டிகிரிக்குச் சூடேறியிருக்கும். எனவே, காரை இழுத்துச் செல்லும் வண்டிக்கு ஆகும் வாடகையையும் பழுதுச் செலவின் ஒரு பகுதியாகவே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். அதை மிச்சப்படுத்த நினைப்பது வீண் துணிச்சல்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கடுமையான பெட்ரோல் வாசனை வந்தால், பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, எல்லோரும் இறங்கித் தள்ளி நிற்க வேண்டும். எங்கே கசிகிறது என்று பார்ப்பதற்காக எஞ்சினை மீண்டும் இயக்கக் கூடாது. சாவியைத் திருப்பினாலே பம்ப் ஓடி அழுத்தம் ஏறிவிடும். தீப்பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர்தூள், நுரை அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான்தான் எரிபொருள் தீக்குப் பொருந்தும். பானெட்டுக்குள் தீ எரிவது தெரிந்தால் பானெட்டை முழுதாகத் திறப்பதும் ஆபத்து. காற்று உள்ளே பாய்ந்து தீயை வளர்த்துவிடும்.

சொட்டும் எரிபொருளின் அளவு அவ்வளவு முக்கியமா?

நொடிக்கு ஒரு சொட்டு என்பது அற்பமாகத் தோன்றும். பெட்ரோலுக்குப் பரப்பு இழுவிசை தண்ணீரைவிடக் குறைவு என்பதால் அதன் சொட்டும் சிறியது. ஒரு மில்லிலிட்டருக்கு 40 முதல் 50 சொட்டு வரை பிடிக்கும். அப்படிக் கணக்கிட்டாலும், நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒரு மணி நேரத்தில் 70 முதல் 90 மில்லிலிட்டர் வரை வெளியேறுகிறது. தேநீர்க் கோப்பை அளவுக்குச் சற்றுக் குறைந்த இந்தப் பெட்ரோல், மூடிய அறையில் ஆவியானால் போதும், ஆபத்து வந்துவிடும். சொட்டு குறைவாக இருப்பதால் பழுதும் எளியதாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். டேங்கின் தலைப்பகுதியில் உள்ள ஒரு சீல் லேசாகக் கசிவதைச் சரிசெய்ய ஆகும் கூலி, எஞ்சின் அருகே பீய்ச்சியடிக்கும் ஹோஸை மாற்ற ஆகும் கூலியைவிட அதிகமாக இருக்கலாம்.

எங்கே கசிகிறது என்பதை நானே ஊகிக்க முடியுமா?

ஓரளவு முடியும். நீங்கள் கவனித்துச் சொல்லும் குறிப்புகள் மெக்கானிக்கின் தேடும் நேரத்தைக் குறைக்கும். அந்த நேரமும் பில்லில் சேர்வதுதான்.

டேங்கை நிரப்பிய பிறகு மட்டும் வாசனை வந்து, கால் டேங்க் செலவானதும் நின்றுவிட்டால், எரிபொருள் நிரப்பும் கழுத்துக் குழாய், அதன் ஹோஸ் அல்லது டேங்கின் மேற்புறத்தில் பம்ப் அமரும் இடத்தின் சீல் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கும்போது மட்டும் வாசனை வந்து, சூடானதும் மறைந்தால், வயதாகி இறுகிப்போன ஓ-ரிங் (இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம்) அல்லது ஹோஸ் முனையாக இருக்கலாம்; சூட்டில் அது சற்று விரிந்து கசிவைத் தற்காலிகமாக அடைத்துக்கொள்கிறது. கார் நிற்கும்போது தரை நனையாமல் ஓடும்போது மட்டும் நனைந்தால், பம்ப் தரும் அழுத்தத்துக்கு உட்பட்ட பகுதியில்தான் பழுது. வாசனை மட்டும் வந்து எங்கும் ஈரமே இல்லாமல் செக் எஞ்சின் விளக்கு எரிந்தால், ஆவிக் குழாயில் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம். பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பி0442 வந்தால் சிறு கசிவு, பி0455 வந்தால் பெரிய கசிவு. இந்த ஆவிக் கசிவு சில நேரங்களில் டேங்க் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்ததால் வருவதும் உண்டு. முதலில் மூடியைப் பார்த்துவிட்டு மற்றதை யோசிப்பது நல்லது.

ஈரம் தெரியும் இடமே கசியும் இடம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கார் ஓடும்போது காற்று எரிபொருளைப் பின்னோக்கித் தள்ளும். நிற்கும்போது அது குழாயின் சரிவிலேயே ஒழுகி, தாழ்வான கிளிப் ஒன்றில் வந்து சொட்டும். சொட்டும் இடத்திலிருந்து மேல்நோக்கியும் முன்நோக்கியும் தேடிச் செல்வதே அனுபவமுள்ளவர்களின் வழக்கம்.

குழாய் ஏன் கசியத் தொடங்குகிறது?

உலோகக் குழாய்க்குத் துருவே முதல் எதிரி. துரு பெரும்பாலும் திறந்த இடத்தில் தொடங்குவதில்லை. குழாயைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பின் உள்ளே சேறும் ஈரமும் உப்பும் தங்கி, கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். அடித்தட்டில் பட்ட கல், தவறான இடத்தில் வைத்த ஜாக்கி, கழன்ற கிளிப்பால் குழாய் உரசிக்கொண்டே இருப்பது ஆகியவை அடுத்த காரணங்கள். ரப்பர் ஹோஸ் எஞ்சின் சூட்டில் வெந்து வெடிப்பு விடும். நைலான் குழாய் பொதுவாக அரிப்புக்கு அஞ்சாது. ஆனால் எலிக்கு அதுவும் ஒன்றுதான், ரப்பரும் ஒன்றுதான். முந்தைய பழுதில் அளவுக்கு மீறி இறுக்கிய கிளாம்பே ஹோஸைக் கிழித்திருப்பதையும் அடிக்கடி காணலாம்.

எத்தனால் கலந்த பெட்ரோலும் ஒரு காரணமா?

பழைய கார்களுக்கு ஆம். எத்தனாலுக்கு ஏற்ற ரப்பரையும் சீல்களையும் கொண்டு வடிவமைக்கப்படாத வண்டிகளில், அது ஹோஸின் உட்சுவரை வீங்கவோ இறுகவோ செய்யும். ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் தன்மையால் உலோகத்தை உள்ளிருந்தும் அரிக்கக்கூடும். எனவே பழைய காரில் ஹோஸ் மாற்றும்போது, பழைய வகையையே மீண்டும் போடாமல், ஃப்ளோரோஎலாஸ்டோமர் (எரிபொருளைத் தாங்கும் ஒரு செயற்கை ரப்பர்) உட்பூச்சு கொண்ட ஹோஸைக் கேட்டு வாங்குவது நல்லது. விலை கூடுதல்தான்; ஆனால் தேவைப்படும் நீளம் குறைவு என்பதால் மொத்தத் தொகையில் பெரிய வேறுபாடு வராது.

குழாய் எந்தப் பொருளால் ஆனது என்பது செலவை எப்படி மாற்றும்?

உலோகக் குழாயை இரண்டு வழிகளில் மாற்றலாம். உற்பத்தியாளர் வளைத்து, முனை அமைத்துத் தரும் தயார்க் குழாய் அப்படியே பொருந்தும். பொருளின் விலை அதிகம், பொருத்தும் நேரம் குறைவு. ஆனால் நீண்ட தயார்க் குழாயை உள்ளே நுழைக்கவே சப்ஃபிரேமையோ (எஞ்சினைத் தாங்கும் அடிச்சட்டம்) டேங்கையோ இறக்க வேண்டியிருந்தால் அந்த மிச்சம் காணாமல் போய்விடும். சுருளாக வாங்கி, அளந்து, வளைத்து, முனையை ஃபிளேர் செய்து (புனல்போல் விரித்து) பொருத்துவது மற்றொரு வழி. இதில் பொருள் மலிவு. ஆனால் கைவேலை அதிகம். தாமிரமும் நிக்கலும் கலந்த குழாய் எளிதில் வளையும், துருப்பிடிக்காது என்பதால் இப்போது பல மெக்கானிக்குகள் அதையே விரும்புகிறார்கள். வெறும் தாமிரக் குழாயை மட்டும் ஏற்க வேண்டாம். அது அதிர்வினால் இறுகி, ஒருநாள் விரிசல் விடும்.

நைலான் குழாயைச் சூடான நீர் அல்லது அதற்கான கருவியின் துணையோடு முள்வரி கொண்ட முனையில் அழுத்திப் பொருத்துவார்கள். இரு முனைகளிலும் சொடுக்கிப் பூட்டும் இணைப்பான்கள் இருக்கும். குழாய் நன்றாகவே இருந்து இணைப்பானின் உள்ளே உள்ள ஓ-ரிங் மட்டும் கெட்டிருப்பதும் உண்டு. ஆனால் பல உற்பத்தியாளர்கள் அந்த ஓ-ரிங்கைத் தனியே விற்பதில்லை. முனையோடு கூடிய முழுக் குழாயைத்தான் வாங்கச் சொல்வார்கள். சிறு வளையத்துக்காக முழுக் குழாயா என்று எரிச்சல் வரும். அந்த எரிச்சலில் நியாயம் உண்டு. எனினும், பொருந்தாத வளையம் ஒன்றைத் தேடிப்பிடித்துப் போடுவதைவிட அது மேல்.

ரப்பர் ஹோஸில் தரக் குறியீட்டைக் கவனிக்க வேண்டும். வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ வகுத்த ஜே30 என்ற தரத்தின் கீழ் ஆர்7 என்று குறித்த ஹோஸ் கார்புரேட்டர் வண்டிகளின் குறைந்த அழுத்தத்துக்கு உரியது. ஆர்9 என்பது இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கு. டேங்குக்குள் எரிபொருளில் மூழ்கியே இருக்க வேண்டிய துண்டுக்கு ஆர்10 வேண்டும்; ஏனெனில் மற்ற ஹோஸ்களின் வெளிப்புறம் எரிபொருளில் ஊறிக் கிடப்பதைத் தாங்குவதில்லை. கார்புரேட்டருக்கு உரிய அழுத்தம் அரை பார் கூட இராது (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). சாதாரண பெட்ரோல் இன்ஜெக்ஷனில் அது 3 முதல் 4 பார். எனவே, மலிவாகக் கிடைக்கிறது என்று முதல் வகையை இரண்டாவது வண்டியில் போட்டால் மீண்டும் பழுது வருவது உறுதி.

கசியும் இடத்தை மட்டும் வெட்டி மாற்றினால் போதாதா? ஏன் முழுக் குழாயையும் மாற்றச் சொல்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குக் கசிவின் காரணத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். கல் பட்டோ உரசியோ எலி கடித்தோ ஓர் இடம் மட்டும் கெட்டு, மற்ற பகுதி நன்றாக இருந்தால், அந்தப் பகுதியை வெட்டிப் புதிய துண்டை முறையான இணைப்பான்களால் சேர்ப்பதில் தவறில்லை. உங்கள் காரின் பழுதுக் கையேடு அதை அனுமதிக்க வேண்டும் என்பதே நிபந்தனை. சில உற்பத்தியாளர்கள் நைலான் குழாயில் இடையொட்டை அறவே அனுமதிப்பதில்லை.

துருவினால் வந்த கசிவு என்றால் கணக்கு வேறு. இன்று ஒழுகும் இடம், அதே வயதும் அதே ஈரமும் கண்ட குழாயில் முதலில் தோற்ற இடம் மட்டுமே. வெட்டப் போகும்போது அடுத்த பகுதியும் கையோடு உதிரும். புதிய முனையை ஃபிளேர் செய்ய நல்ல உலோகம் கிடைக்காமல் மெக்கானிக் பின்னோக்கி வெட்டிக்கொண்டே போவார். அப்படி மூன்று முறை துண்டு போட்டால், மூன்று முறை லிஃப்ட்டில் ஏற்றிய கூலியும் மூன்று முறை இழுவை வாடகையும் சேர்ந்து முழுக் குழாயின் செலவைத் தாண்டிவிடும். காரை இன்னும் சில ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், துருப்பிடித்த குழாயை முழுதாக மாற்றுவதே என் பரிந்துரை. விரைவில் உடைப்புக்குப் போகப்போகும் கார் என்றாலும் பாதுகாப்பான துண்டுப் பழுது வேண்டும். பழுதே வேண்டாம் என்ற முடிவுக்கு இடமில்லை.

எபாக்ஸி பசை, டேப், அல்லது ஒரு துண்டு ரப்பர் ஹோஸைச் சொருகி கிளாம்ப் போடுவது?

பசையும் டேப்பும் அழுத்தமுள்ள குழாயில் நிற்காது. எரிபொருள் படிந்த மேற்பரப்பில் பசை சரியாக ஒட்டாது. ஒட்டியதாகத் தோன்றினாலும் அதிர்விலும் சூட்டிலும் விட்டுவிடும்.

ரப்பர் ஹோஸைச் சொருகும் முறை பல இடங்களில் நடக்கிறது. உலோக முனையில் ஹோஸ் வழுக்காமல் இருக்கப் புடைப்பு அமைத்து, ஆர்9 தர ஹோஸும் விளிம்பு மடித்த இன்ஜெக்ஷன் கிளாம்பும் போட்டால் அது தாங்கும். வெட்டிய முனையில் அப்படியே ஹோஸைத் திணித்து, துளைகள் கொண்ட சாதாரணத் திருகுக் கிளாம்பை இறுக்கினால், பட்டையின் விளிம்பு ரப்பரை வெட்டும். 3 பார் அழுத்தத்தில் ஹோஸ் ஒருநாள் கழன்று வரும். இரண்டு வேலைக்கும் பில்லில் வரும் வேறுபாடு மிகச் சிறியது. ஆகவே எந்த வகை ஹோஸ், எந்த வகை கிளாம்ப் என்று கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

டேங்கை இறக்க வேண்டும் என்கிறார்கள். அது தேவையில்லாத வேலையா?

பல கார்களில் பம்ப்பின் இணைப்புகள் டேங்கின் மேற்புறத்தில் இருக்கும். பின்னிருக்கைக்கு அடியில் ஒரு மூடி இருந்தால் அதன் வழியே எட்டிவிடலாம். மூடி இல்லாத கார்களில் டேங்கை இறக்காமல் கை போகாது. இறக்குவதற்கு முன் எரிபொருளை வடிக்க வேண்டும், நிரப்புக் கழுத்தையும் ஆவிக் குழாய்களையும் மின் இணைப்புகளையும் கழற்ற வேண்டும், சில நேரங்களில் புகைபோக்கியின் பின்பகுதியையும் அகற்ற வேண்டும். இதனால் ஒன்று முதல் இரண்டு மணி நேரக் கூலி கூடலாம். உங்கள் காரில் அந்த மூடி இருக்கிறதா என்பதைக் கேட்டுத் தெளிந்தால் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். டேங்க் நிறைந்திருந்தால் வடிக்கும் வேலையும் கூடும். கசிவு தெரிந்த பிறகு டேங்கை நிரப்பாமல் இருப்பது பாதுகாப்புக்கும் நல்லது, பணத்துக்கும் நல்லது.

டீசல் காருக்குச் செலவு வேறுபடுமா?

தாழ்ந்த அழுத்தப் பகுதியில் ஏறத்தாழ அதே வேலைதான். டீசல் பெட்ரோலைப் போல எளிதில் தீப்பற்றாது. அதன் தீப்பற்று நிலை பெரும்பாலும் 50 டிகிரிக்கு மேல். அதற்காக அலட்சியப்படுத்த முடியாது. சூடான புகைபோக்கியில் சொட்டினால் அதுவும் எரியும். சாலையில் சிந்தினால் பின்னால் வரும் இருசக்கர வாகனம் வழுக்கும். எஞ்சின் மவுண்ட்டும் ரப்பர் குழாய்களும் டீசலில் ஊறிக் கெடும். டேங்குக்கும் உயரழுத்தப் பம்புக்கும் இடையே, உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாமலேயே உள்ளே காற்று புகுந்து, காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அலைக்கழிக்கும். அப்போது பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் மாற்றிப் பணத்தை வீணாக்கியவர்கள் உண்டு. பழுது பார்த்த பிறகு காற்றை வெளியேற்றும் வேலைக்கும் தனி நேரம் ஆகும்.

உயரழுத்தப் பக்கம் முற்றிலும் வேறு. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே ரெயிலிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில் அழுத்தம் 1,600, 2,000 பார் என்று போகும். அந்த அழுத்தத்தில் நூலிழைபோல் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் சென்றுவிடும். காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும் நிலை அது. கையால் தடவிக் கசிவைத் தேடவே கூடாது. அங்குள்ள எஃகுக் குழாய்களை ஒட்டவோ வளைக்கவோ முடியாது. புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோல் காரும் ஹைப்ரிட் காரும்?

எரிபொருளை எஞ்சினின் எரியறைக்குள்ளேயே பீய்ச்சும் நேரடி இன்ஜெக்ஷனில், டேங்கிலிருந்து வரும் குழாய் சாதாரண அழுத்தத்தில் இருக்கும். எஞ்சின் மேலுள்ள உயரழுத்தப் பம்புக்குப் பிறகு அது 200 பார், சில புதிய எஞ்சின்களில் 350 பார் வரை ஏறும். அந்தச் சிறு குழாயை ஒருமுறை தளர்த்தினால் மீண்டும் பயன்படுத்தக் கூடாது என்று பல உற்பத்தியாளர்கள் விதித்திருக்கிறார்கள். எனவே, வேறு வேலைக்காகக் கழற்றும்போதும் புதிய குழாய் பில்லில் வந்தால் அது ஏமாற்று அல்ல.

ஹைப்ரிட் கார்கள் சிலவற்றில் டேங்கே அழுத்தத்தோடு அடைக்கப்பட்டிருக்கும். முதலில் அந்த அழுத்தத்தை முறைப்படி வெளியேற்ற வேண்டும். அடித்தட்டில் ஆரஞ்சு நிற உயர்மின்னழுத்தக் கம்பிகளும் ஓடும். பயிற்சி பெற்றவரிடமே கொடுக்க வேண்டும், கூலி கூடும்.

மதிப்பீட்டுச் சீட்டில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில், கசியும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். லிஃப்ட்டின் கீழே நின்று பார்ப்பதோ, படம் எடுத்து அனுப்பச் சொல்வதோ உங்கள் உரிமை. பிறகு, கண்டறியும் கட்டணம் தனியா, பழுதை அங்கேயே செய்தால் அது கழிக்கப்படுமா என்று கேளுங்கள். “எரிபொருள் குழாய் பழுது” என்று ஒற்றை வரியில் தொகை எழுதியிருந்தால் அதை ஏற்க வேண்டாம். எந்தக் குழாய், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, அசல் பாகமா மாற்றுத் தயாரிப்பா, கூலி எத்தனை மணி நேரம் என்பவை தனித்தனியே வர வேண்டும்.

துருப்பிடித்த காரில் நேர்மையான மெக்கானிக்கும் முழுத் தொகையை முன்கூட்டிச் சொல்ல முடியாது. போல்ட் உடையலாம், கிளிப்புகள் நொறுங்கலாம். அதனால் இந்த எல்லையைத் தாண்டினால் என்னைக் கேட்காமல் தொடர வேண்டாம் என்று ஒரு மேல்வரம்பை எழுத்தில் வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. செய்த வேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பதையும், அது பொருளுக்கு மட்டுமா கூலிக்கும் சேர்த்தா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய குழாயைத் திருப்பிக் கேட்பதும் நல்ல பழக்கம்.

அதே வேலையோடு வேறு எதையாவது மாற்றுவது லாபமா?

எரிபொருள் ஃபில்டர் வழியிலேயே இருந்தால், அதை மாற்றும் காலம் நெருங்கியிருந்தால், இப்போதே மாற்றலாம். கூலி ஏறக்குறைய மிச்சம். டேங்கை இறக்கியிருந்தால் பம்ப்பின் சீல் வளையத்தைப் புதிதாகப் போடுவது அவசியம். பம்ப்பையே மாற்றலாமா என்பது அதன் வயதைப் பொறுத்தது; நன்றாக ஓடும் பம்ப்பை வற்புறுத்தி மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பிரேக் குழாய். பல கார்களில் அது எரிபொருள் குழாயோடு அதே கிளிப்புகளில் பக்கம் பக்கமாக ஓடுகிறது. ஒன்றைத் துரு தின்றிருந்தால் மற்றதையும் தின்றுகொண்டிருக்கும். கிளிப்பைக் கழற்றியிருக்கும் அந்த நேரத்தில் பிரேக் குழாயைப் பார்க்காமல் விடுவது பெரும் பிழை.

நானே மாற்றிச் செலவைக் குறைக்கலாமா?

கார்புரேட்டர் வண்டியில் கைக்கு எட்டும் ஹோஸ் ஒன்றை, திறந்த வெளியில், எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு, அருகில் தீயணைப்பானை வைத்துக்கொண்டு மாற்றுவது பழக்கமுள்ளவருக்கு இயலும். இன்ஜெக்ஷன் வண்டியில் எஞ்சினை அணைத்த பிறகும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். அதை வெளியேற்றப் பம்ப்பின் ஃபியூஸைக் கழற்றி எஞ்சினை அது தானாக நிற்கும்வரை ஓட்டுவது வழக்கமான முறை. ஆனால் கசியும் காரில் எஞ்சினை ஓட்டுவதே ஆபத்து என்பதால் அந்த முறை இங்கே பொருந்தாது. வயரில் இணைத்த பல்ப்பைக் கீழே வைத்துக்கொண்டு, ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் படுத்துச் செய்யும் வேலை இது அல்ல. உயரழுத்தப் பகுதி, ஹைப்ரிட், எரிவாயுவில் ஓடும் கார் ஆகியவற்றில் கை வைக்கவே வேண்டாம்.

காப்பீடோ வாரண்டியோ இந்தச் செலவை ஏற்குமா?

துரு, தேய்மானம், வயது ஆகியவற்றால் வந்த கசிவைக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. விபத்தில் குழாய் அடிபட்டிருந்தால், சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசி ஏற்கக்கூடும். எலி கடித்ததைச் சில பாலிசிகள் ஏற்கும், சில விலக்கும். வாரண்டிக் காலத்துக்குள் இருக்கும் காரை வெளியில் கொடுப்பதற்கு முன் விற்பனையாளரின் சேவை மையத்தில் கேட்க வேண்டும். வாரண்டி முடிந்திருந்தாலும், சேசிஸ் எண்ணைக் கொடுத்து உங்கள் காருக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். எரிபொருள் கசிவு தீ அபாயம் என்பதால் உற்பத்தியாளர்கள் பல முறை இதற்காகவே கார்களைத் திரும்ப அழைத்திருக்கிறார்கள்; அப்படி இருந்தால் பழுது பெரும்பாலும் இலவசம்.

சில வாரங்கள் தள்ளிப்போட்டால் செலவு கூடுமா?

தீ அபாயத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் கூடும். வீணாகும் எரிபொருள் ஒரு பக்கம். கசிவு பெருகி ரெயிலில் அழுத்தம் குறைந்தால் காற்றோடு சேரும் எரிபொருள் குறைந்து, எஞ்சினுக்குள் அது சரியாக எரியாமல் போகும் (மிஸ்ஃபயர்). எரியாத எரிபொருள், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குச் சென்று அதைச் சூடேற்றிக் கெடுக்கும். அதன் விலை குழாயின் விலையோடு ஒப்பிடவே முடியாதது. டேங்கில் எரிபொருள் தாழ்ந்தே இருந்தால், அந்த எரிபொருளாலேயே குளிர்விக்கப்படும் மின்பம்பும் சீக்கிரம் தேயும்.

பழுது பார்த்து வந்த பிறகும் வாசனை வருகிறது. மீண்டும் கொண்டுபோக வேண்டுமா?

அடித்தட்டின் இடுக்குகளிலும் ஒலித்தடுப்புப் பஞ்சிலும் ஊறிய பெட்ரோல் ஆவியாக ஓரிரு நாள் ஆகலாம். அந்த வாசனை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வர வேண்டும். குறையாவிட்டாலோ, ஒரே அளவில் நின்றாலோ, ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலோ காரை இயக்காமல் பணிமனையை அழையுங்கள். காரை எடுத்து வரும்போதே, சாவியை இரண்டு மூன்று முறை திருப்பி அழுத்தம் ஏற்றி இணைப்புகளைப் பார்த்தார்களா, எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்களா, சாலையில் ஓட்டி வந்த பிறகு லிஃப்ட்டில் ஏற்றி மீண்டும் பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, காருக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து, எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி அணைத்த பிறகு அட்டையில் கறை இருக்கிறதா என்று நீங்களும் ஒருமுறை பாருங்கள்.